எட்டாயிரம் சுற்றும் எட்டு கிலோமீட்டரும்: ஹோண்டா என்.எஸ்.எக்ஸ். இன்ஜினை முன்வைத்து ஒரு நிகழ்வு ஆய்வு

கோவை அவிநாசி சாலை, லட்சுமி மில்ஸ் சிக்னல், மாலை ஆறரை மணி. நண்பனின் 1.3 லிட்டர் பழைய செடானில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தேன். வால்வுகளைத் திறந்து மூடும் தண்டான கேம்ஷாஃப்ட்டை ரேஸ் அளவுக்கு அரைத்து மாட்டி இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. செட்டிபாளையம் ரேஸ் டிராக்கில் நிமிடத்துக்கு 5,000 சுற்றைத் தாண்டியதும் அந்த வண்டி பாய்ந்த பாய்ச்சலை நானே பார்த்தேன். சிக்னலில் அது வேறு வண்டி. இன்ஜின் சுற்றைக் காட்டும் டேக்கோமீட்டர் முள் 700க்கும் 1,300க்கும் நடுவே ஊஞ்சலாடியது. டேஷ்போர்டில் வைத்திருந்த சாவிக்கொத்து நகர்ந்து நகர்ந்து கீழே விழுந்தது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜின் அணைந்துவிடும். பச்சை விழுந்தது, ஹாஃப் க்ளட்ச்சில் எடுத்தான், ஒரு குலுக்கு, ஆஃப். பின்னால் ஹாரன். மறுபடி ஸ்டார்ட், மறுபடி ஆஃப். மூன்றாவது முறை நகர்ந்தபோது க்ளட்ச் கருகும் வாடை உள்ளே வந்துவிட்டது.

மறுநாள் பட்டறையில் மெக்கானிக் அண்ணன் பானெட்டைத் திறக்கக்கூட இல்லை. சத்தத்தைக் கேட்டதுமே சொன்னார்: "தம்பி, இன்ஜின்ல ஒரு கோளாறும் இல்லீங்க. மேல ரெவ்வுல நல்லா மூச்சு விடுது, கீழ ரெவ்வுல திணறுது. ரேக்ளா மாட்டை ஏர்ல பூட்டுன கணக்கு."

ரெவ் என்றால் இன்ஜின் சுற்றும் வேகம். அந்த இன்ஜினைப் பொறுத்தவரை அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் எல்லா இன்ஜினுக்கும் அது விதியா? பாய்வதற்கென்று கட்டிய இன்ஜின் நெரிசலில் திணறித்தான் ஆக வேண்டுமா? இந்தக் கேள்விக்கு வாகன வரலாற்றில் எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான பதில் 1990இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஹோண்டா என்.எஸ்.எக்ஸ். ஸ்போர்ட்ஸ் கார். அது எங்கே வென்றது, எங்கே தவறவிட்டது என்று எண்களை வைத்துப் பார்ப்பதுதான் இந்த ஆய்வு.

திணறலுக்குக் காரணம் என்ன

முதலில் அந்த ஆட்டத்துக்கான காரணம். காற்றுக்கு எடை உண்டு. இன்ஜின் நிமிடத்துக்கு 7,000 சுற்று சுற்றும்போது உள்ளே வரும் காற்று அத்தனை வேகத்தில் ஓடிவருவதால், பிஸ்டன் கீழே போய்த் திரும்பி மேலே ஏறத் தொடங்கிய பிறகும் அது தன் உந்தத்தில் சிலிண்டருக்குள் நுழைந்துகொண்டே இருக்கும். அதனால் ரேஸ் கேம்ஷாஃப்ட்டில், காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வைத் தாமதமாக மூடுவார்கள். புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வு மூடுவதற்கு முன்பே இன்டேக் வால்வைத் திறந்தும் விடுவார்கள். இரண்டும் ஒன்றாகத் திறந்திருக்கும் அந்தச் சிறு நேரத்தைத்தான் ஓவர்லேப் என்கிறோம்.

இதே கேம் 900 சுற்றில் ஓடும்போது காற்றுக்கு அந்த வேகம் கிடையாது. வால்வு தாமதமாக மூடுவதால், உள்ளே வந்த காற்று-பெட்ரோல் கலவையில் ஒரு பங்கை ஏறிவரும் பிஸ்டன் வந்த வழியே திருப்பித் தள்ளிவிடுகிறது. ஓவர்லேப் நேரத்தில் இன்டேக் குழாயில் இருக்கும் வெற்றிடம் எரிந்த புகையை உள்ளே இழுத்துக்கொள்கிறது. புகை கலந்த கலவை ஒரு தடவை எரியும், மறு தடவை சரியாக எரியாது. முள் ஊஞ்சலாடியது அதனால்தான்.

ஆக, ஒரு கேம்ஷாஃப்ட்டைச் செதுக்கும்போதே அது எந்த ரெவ்வில் வாழப் போகிறது என்பது முடிவாகிவிடுகிறது. 1980களின் இறுதிவரை ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியவர்கள் இதை விதி என்று ஏற்றுக்கொண்டுதான் ஓட்டினார்கள். கனமான க்ளட்ச், சூடேறும் இன்ஜின், பின்பக்கம் தெரியாத கண்ணாடி எல்லாம் அந்தப் பேரத்தில் அடக்கம்.

1989இல் மாறிய திட்டம்

ஹோண்டா இந்தக் காரைத் திட்டமிட்டபோது ஃபெராரியின் வி8 (வி வடிவில் எட்டு சிலிண்டர்) கார்களைத்தான் அளவுகோலாக வைத்தது. திட்டத்தின் தலைவர் ஷிகெரு உஎஹாரா. நடுவில் இன்ஜின், முழு அலுமினிய உடல், ஆனால் எவரும் தினமும் ஓட்டக்கூடிய கார் என்பது இலக்கு. தொடக்கத்தில் வைத்த இன்ஜின் ஹோண்டாவின் லெஜெண்ட் காரின் வழியில் வந்த, ஆறு சிலிண்டர் கொண்ட ஒற்றை கேம் வி6.

அதே காலத்தில் நிறுவனத்தின் இன்னொரு பக்கம், வால்வு திறக்கும் விதத்தை ரெவ்வுக்கேற்ப மாற்றும் வி-டெக் வளர்ந்துகொண்டிருந்தது. இக்குவோ கஜிதானியின் குழு உருவாக்கிய அந்த அமைப்பு 1989இல் இன்டெக்ரா காரில் வந்தது: 1.6 லிட்டர், 160 குதிரைத்திறன், அதாவது லிட்டருக்கு 100. டர்போ இல்லாமல், தெருவில் ஓடும் சாதாரணக் காரில். என்.எஸ்.எக்ஸ்.ஸில் அது ஏன் இல்லை என்று கேட்டவர் ஹோண்டாவின் அன்றைய தலைவர் தடாஷி குமே. அவரே இன்ஜின் பொறியாளர்; 1960களில் ஃபார்முலா 1 இன்ஜின்களில் வேலை செய்தவர். ஒரு தலைவர் இப்படிக் கேட்டால் குழுவுக்கு எத்தனை ராத்தூக்கம் போகும் என்பதை உற்பத்தித் துறையில் இருப்பவர்கள் அறிவார்கள். இரட்டை கேம் வைத்தால் சிலிண்டர் ஹெட் பெரிதாகும். ஏற்கெனவே போட்ட அளவுகளைத் திரும்பப் பார்க்க வேண்டும். பார்த்தார்கள்.

வெளிவந்த இன்ஜின் 2,977 சி.சி., 24 வால்வு வி6. ஜப்பான் விற்பனைக்கு 7,300 சுற்றில் 280 குதிரைத்திறன், 5,400 சுற்றில் 294 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, அதாவது இழுவை. தாண்டக் கூடாத சுற்றான சிவப்புக் கோடு 8,000. அந்த வேகத்தைத் தாங்க, பிஸ்டனின் அசைவைச் சுழற்சியாக்கும் கனெக்டிங் ராடுகளை டைட்டானியத்தில் செய்தார்கள். உற்பத்திக் காரில் அதுவே முதல் முறை.

ஊர் கேம், ஓட்ட கேம்

வி-டெக் செய்யும் வேலையைச் சொல்வது எளிது. ஒரே கேம்ஷாஃப்ட்டில் இரண்டு விதமான மேடுகள் உண்டு. ஒவ்வொரு ஜோடி வால்வுக்கும், மேட்டின் அசைவை வால்வுக்குக் கடத்தும் மூன்று ராக்கர்கள். ஓரத்து இரண்டும் சின்ன மேட்டில் ஓடி வால்வைத் திறக்கும். நடு ராக்கர் பெரிய மேட்டில் சும்மா ஆடிக்கொண்டிருக்கும். என்.எஸ்.எக்ஸ்.ஸில் சுமார் 5,800 சுற்று வரும்போது ஆயில் அழுத்தம் ஒரு பின்னைத் தள்ளி மூன்றையும் பூட்டிவிடும். அந்த நொடியிலிருந்து பெரிய மேடு சொன்னபடிதான் வால்வு நடக்கும். ரெவ் இறங்கினால் பூட்டு விலகும். இன்ஜின் சூடாகாதவரை கணினி இதை அனுமதிக்காது. நான் சின்ன மேட்டை ஊர் கேம் என்றும் பெரியதை ஓட்ட கேம் என்றும் மனதுக்குள் சொல்லிக்கொள்வேன்.

இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும், ஏனென்றால் பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இது. வி-டெக் "பவர் கூட்டுகிறது" என்பார்கள். எண்களைப் பாருங்கள். உச்ச முறுக்குவிசை 5,400இல் வருகிறது. கேம் மாறுவது 5,800இல். அப்படியானால் இந்த இன்ஜினின் அதிகபட்ச இழுவை ஊர் கேமிலேயே வந்துவிடுகிறது! 7,300 சுற்றில் 280 குதிரைத்திறன் என்றால் அங்கே முறுக்குவிசை சுமார் 269 நியூட்டன் மீட்டர். கணக்குப் போட்டால் வந்துவிடும். உச்சத்திலிருந்து 25 மட்டுமே குறைவு. ஊர் கேமிலேயே விட்டிருந்தால் மூச்சு முட்டி வளைவு சரிந்திருக்கும். ஓட்ட கேமின் வேலை அந்தச் சரிவைத் தடுத்து 8,000 வரை பிடித்து வைப்பது.

இந்த உண்மைதான் எனக்கு இந்த இன்ஜினின் உயிர்நாடி. ஊர் கேமை அவர்கள் மாற்றாந்தாய்ப் பிள்ளையாக நடத்தவில்லை. முதலில் ஊருக்கு நல்ல இன்ஜினைக் கட்டினார்கள், அதன் மேல் ஓட்டத்தை அடுக்கினார்கள். என் நண்பன் செய்தது நேர் தலைகீழ்.

இன்டேக் பக்கமும் இதே சிந்தனைதான். சுமார் 4,800 சுற்றில் வால்வுகள் திறந்து இரண்டாவது காற்றறையை இணைக்கும். கீழே ஒரு விதம், மேலே ஒரு விதம் என்று காற்று அலைகளை வசப்படுத்தும் ஏற்பாடு. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இக்னிஷன் காயில். நாக்கிங்கைக் கேட்கும் சென்சார்கள். இவற்றை விரிக்கத் தேவையில்லை, இன்றைக்குப் பெரும்பாலான பெட்ரோல் கார்களில் இருப்பவைதான்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் ஆய்வு பொய்யாகிவிடும். கீழ் ரெவ்வில் வண்டியை இழுப்பது முதலில் மூன்று லிட்டர் கொள்ளளவு. 1,350 கிலோ எடைக்கு அது தாராளம். அலுமினிய உடல் எடையைக் குறைத்ததும் நெரிசலில் கை கொடுக்கிறது. ஹாஃப் க்ளட்ச்சில் நகர்த்த வேண்டிய பாரம் குறைந்தால் க்ளட்ச்சுக்கும் நிம்மதி, காலுக்கும் நிம்மதி.

நெரிசலில் என்ன நடக்கும்: கணக்கு

அமெரிக்காவுக்குப் போன ஐந்து கியர் வண்டியின் முதல் கியர் விகிதம் 3.071, சக்கரத்துக்கு முன் வரும் கடைசிப் பல்சக்கர விகிதமான ஃபைனல் டிரைவ் 4.062, பின் டயர் 225/50 16 அங்குலம். டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1.98 மீட்டர் ஓடும். ஐடிலில், அதாவது இன்ஜின் தானாக மெதுவாகச் சுற்றும்போது, 800 சுற்று, முதல் கியர், க்ளட்ச் முழுதும் விட்டாயிற்று, ஆக்ஸிலரேட்டரில் கால் இல்லை என்றால் வண்டி மணிக்கு 7.6 கிலோமீட்டரில் ஊர்ந்து போகும். நம் ஊர் நெரிசலின் வேகம் பெரும்பாலும் இதுதான். இந்த இடத்தில் குலுங்காமல் ஓடுகிறதா என்பதே உண்மையான பரீட்சை. ஊர் கேமின் குறைந்த ஓவர்லேப் இங்கேதான் கூலி தருகிறது.

இரண்டாவது கியர் 1.727. மணிக்கு 30 கிலோமீட்டரில் இன்ஜின் சுமார் 1,770 சுற்றில் இருக்கும். மூன்றாவதில் 50 என்றால் சுமார் 2,100. பள்ளிக்கூடத்தில் பிள்ளையை விட்டு, காய்கறி வாங்கி, அலுவலகம் போய்த் திரும்பும் வரை ஓட்ட கேம் தூங்கிக்கொண்டே இருக்கலாம்.

இப்போது தவறவிட்ட இடம். முதல் கியரில் 8,000 வரை இழுத்தால் மணிக்கு 76 கிலோமீட்டர். அங்கே இரண்டாவதுக்கு மாற்றினால் ரெவ் எங்கே விழும்? 8,000 பெருக்கல் 1.727 வகுத்தல் 3.071: ஏறக்குறைய 4,500. ஓட்ட கேம் விழிக்கும் 5,800க்கு 1,300 சுற்று கீழே. முழு மூச்சில் ஓட்டினாலும் முதல் மாற்றத்திலேயே இன்ஜின் ஊர் கேமுக்குத் திரும்பிவிடுகிறது, திரும்ப ஏறும்வரை காத்திருக்க வேண்டும். இரண்டாவது கியரில் கேம் மாறும்போது வேகம் மணிக்கு 98ஐத் தாண்டியிருக்கும். அதாவது பெரும்பாலான ஊர்களில் சட்டத்துக்குள் இரண்டாவது கியரில் அந்த இன்ஜினின் மேல் பாதியைத் தொடவே முடியாது.

இதை நான் குறையாகவே பார்க்கிறேன். வால்வில் அத்தனை நுட்பம் காட்டியவர்கள் கியர்ப் பெட்டியில் நீண்ட தூரச் சாலையின் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. 1997இல் ஆறு கியர் வந்தது. முதல் கியர் 3.066, இரண்டாவது 1.956. இப்போது 8,000இல் மாற்றினால் 5,100இல் இறங்கும். கூடவே இன்ஜினும் 3,179 சி.சி. ஆனது. சிலிண்டரின் விட்டத்தை 90 மில்லிமீட்டரிலிருந்து 93 ஆக்கினார்கள், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமான ஸ்ட்ரோக் 78 அப்படியே. ஸ்ட்ரோக் கூடாததால் 8,000 சுற்றில் பிஸ்டனின் சராசரி வேகமும் பழையபடி நொடிக்கு 20.8 மீட்டர்தான். மேலே எதையும் விட்டுக்கொடுக்காமல் கீழே கொஞ்சம் தசை ஏற்றிய வேலை அது.

காலும் கையும் கண்ணும்

நெரிசலில் ஓட்டுபவரைக் களைக்க வைப்பது பெரும்பாலும் இன்ஜின் அல்ல, க்ளட்ச். முதலில் வந்த ஐந்து கியர் வண்டியில் சிறிய விட்டத்தில் இரண்டு தட்டுகள் கொண்ட க்ளட்ச் இருந்தது. சுழலும் எடை குறைவு, ரெவ் சட்டென்று ஏறி இறங்கும். 1997இல் அதை எடுத்துவிட்டு ஒற்றைத் தட்டும் இரட்டை நிறை ஃபிளைவீலும் வைத்தார்கள். இரட்டை நிறை ஃபிளைவீல் என்றால், நடுவே ஸ்பிரிங் வைத்த இரு பாகங்கள். இன்ஜினின் விட்டுவிட்டு வரும் அடிகளை அது வாங்கிக்கொண்டு கியர்ப் பெட்டிக்கு வழவழவென்று அனுப்பும். டிராக்கில் ஓட்டுபவர்கள் பழைய க்ளட்ச்சின் துடிப்பை விரும்புவார்கள். நான் நெரிசல் பக்கம். புதியதற்கே என் ஓட்டு.

ஸ்டியரிங்கில் இன்னொரு விட்டுக்கொடுப்பு. தொடக்க கால மேனுவல் வண்டிகளுக்குப் பவர் ஸ்டியரிங் கிடையாது. ஓடும்போது சுகம், பார்க்கிங்கில் தோள் வலிக்கும். ஆட்டோமேட்டிக் வண்டிக்கு மட்டும் தொடக்கத்திலேயே மின்சார பவர் ஸ்டியரிங் கொடுத்தார்கள். யார் ஊருக்குள் அதிகம் ஓட்டுவார்கள் என்று யோசித்துச் செய்தது போலிருக்கிறது.

பார்வைதான் பெரிய வெற்றி. எஃப்-16 போர் விமானத்தின் விமானி அறையை முன்மாதிரியாக வைத்து, சுற்றிலும் 311 பாகை தெரியும்படி கண்ணாடிகளை அமைத்தார்கள். பைக் எந்தப் பக்கம் நுழைகிறது என்று தெரியாத காரில் 280 குதிரைத்திறன் இருந்து என்ன பயன்? நடு இன்ஜின் கார்களில் இந்த அளவு வெளி தெரிவது அரிது.

சூட்டுக்கும் தனி ஏற்பாடு. ரேடியேட்டர் முன்னால், இன்ஜின் முதுகுக்குப் பின்னால். தண்ணீர் நீளக் குழாய்களில் போய் வர வேண்டும். நின்ற இடத்தில் காற்றோட்டம் இருக்காது என்பதால் இன்ஜின் அறைக்கென்றே ஒரு ஃபேன் வைத்தார்கள். பராமரிப்பிலும் அக்கறை தெரிகிறது: அதே காலத்து ஃபெராரி 348இல் டைமிங் பெல்ட் மாற்ற இன்ஜினையே இறக்க வேண்டும், என்.எஸ்.எக்ஸ்.ஸில் இறக்காமலே மாற்றலாம்.

டயரில் மட்டும் தினசரி ஓட்டம் தோற்றது. பிடிமானத்துக்காகத் தேர்ந்த மென்மையான பின் டயர்கள் சீக்கிரம் தேய்ந்தன; தினமும் ஓட்டியவர்களின் முதல் புகாரே அதுதான்.

இந்தக் கார் ஊருக்குள் எப்படி இருந்தது என்பதற்குச் சாட்சி வேண்டுமென்றால் கோர்டன் மரேயைச் சொல்லலாம். மெக்லாரன் எஃப்1 காரை வடிவமைத்தவர். என்.எஸ்.எக்ஸ்.ஸை ஓட்டிப் பார்த்ததும், அதுவரை அளவுகோலாக வைத்திருந்த மற்ற கார்கள் மனதிலிருந்து மறைந்துவிட்டன என்று எழுதியவர். சொன்னதோடு நிற்காமல் ஒன்றை வாங்கி ஏழு ஆண்டுகள் தினசரி வண்டியாக ஓட்டினார், 75,000 கிலோமீட்டர்.

அதே கை, எதிர் முடிவு: எஸ்2000

என்.எஸ்.எக்ஸ். வென்றதற்கு வி-டெக் மட்டும் காரணமா என்று பார்க்க ஒரு நல்ல ஒப்பீடு உண்டு. அதே உஎஹாராவின் தலைமையில் 1999இல் வந்த ஹோண்டா எஸ்2000 கார். 1,997 சி.சி., நான்கு சிலிண்டர், ஜப்பானில் 8,300 சுற்றில் 250 குதிரைத்திறன், சிவப்புக் கோடு 9,000. லிட்டருக்கு 125. இன்றும் அந்த இன்ஜினின் சத்தத்தைக் கேட்டால் எனக்கு மயிர்க்கூச்செறியும்.

ஆனால் அமெரிக்க வண்டியின் உச்ச முறுக்குவிசை 208 நியூட்டன் மீட்டர், அதுவும் 7,500 சுற்றில். கேம் மாறுவது 6,000 சுற்றை ஒட்டி. என்.எஸ்.எக்ஸ்.ஸில் உச்ச இழுவை ஊர் கேமில் இருந்தது. இங்கே அது ஓட்ட கேமுக்குள் போய்விட்டது. சிக்னலிலிருந்து சிக்னலுக்கு ஓட்டுபவர் அந்த 7,500ஐ எட்டப் போவதில்லை. கேம்கள் இரண்டு இருந்தும், கீழே இழுக்கக் கொள்ளளவு போதவில்லை. ஐடிலில் ஆடாது, அணையாது, பழகிய வண்டி போல ஓடும். ஆனால் பிக்கப் வேண்டுமென்றால் கியரை இறக்கித்தான் ஆக வேண்டும்.

2004இல் அமெரிக்க வண்டிக்குத் திருத்தம் வந்தது. ஸ்ட்ரோக்கை 84 மில்லிமீட்டரிலிருந்து 90.7 ஆக்கி 2,157 சி.சி.யாக உயர்த்தினார்கள். உச்ச முறுக்குவிசை 220 ஆனது, 6,500 சுற்றிலேயே கிடைத்தது. விலையாக 9,000 சுற்று போய் 8,000 ஆனது. கணக்கைப் பார்த்தால் ஏன் என்று புரியும்: பழைய ஸ்ட்ரோக்கில் 9,000 சுற்றில் பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 25.2 மீட்டர். நீண்ட ஸ்ட்ரோக்கில் அதே 9,000 ஓட்டினால் 27.2 ஆகிவிடும். 8,000இல் நிறுத்தினால் 24.2. அமெரிக்க வண்டியின் குதிரைத்திறன் மட்டும் முன்பு போலவே 240 என்று மாறாமல் நின்றது.

பழைய 9,000 சுற்றுக்காக இன்றும் அழுபவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் தினமும் ஓட்டுவதற்கு எது என்று கேட்டால் 2.2 லிட்டரைத்தான் கைகாட்டுவேன்.

நண்பனின் கார்

இத்தனையும் படித்த பிறகு நண்பனின் இன்ஜினில் நாங்கள் செய்தது இதுதான். ரேஸ் கேமைக் கழற்றிப் பத்திரமாக எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்தோம். பழைய கேமைத் திரும்ப மாட்டினோம். இன்டேக் பாதையில் காஸ்கெட் இடறிக்கொண்டிருந்த விளிம்புகளைத் தேய்த்துச் சமமாக்கினோம். இழுவை கூடும்படி ஃபைனல் டிரைவைக் கொஞ்சம் குட்டையாக்கினோம். பின் சீட்டுக்கு அடியில் கிடந்த வேண்டாத இரும்பையெல்லாம் இறக்கினோம். டிராக்கில் முன்பைவிட மெதுவாகத்தான் ஓடுகிறது. அதை அவன் மறைப்பதில்லை.

வேலை முடிந்த அன்று மாலை அதே அவிநாசி சாலைக்கு எடுத்துப் போனோம். முதல் கியரில் போட்டு, க்ளட்ச்சை முழுதாக விட்டு, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தான். முன்னால் ஒரு டவுன் பஸ், இரு பக்கமும் ஸ்கூட்டர்கள். வண்டி குலுங்காமல் ஊர்ந்தது. சாவிக்கொத்து டேஷ்போர்டில் வைத்த இடத்திலேயே இருந்தது.